பதினாறு அங்குல நாற்காலி

"சார், தப்பா நினைக்காதீங்க. குழந்தைங்க நாற்காலி எதையாவது மாத்தி அனுப்பிட்டீங்களா?"

விடுதி மேலாளர் தொலைபேசியில் இப்படித்தான் ஆரம்பித்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அலுவலக அறையில் இருந்த மூன்று பேருக்கும் கேட்டது. மேஜைக்குப் பின்னால் மூத்தவர், கம்பெனியின் முதலாளி. கல்யாணமே வேண்டாம், கம்பெனியே போதும் என்று ஐம்பது வயதைத் தாண்டியவர். கதவோரம் அவருடைய தம்பி, இருக்கைகளுக்கு மெத்தை வைத்துத் துணி இழுத்து அடிக்கிறவன், தோளில் நூல் துணுக்குகளோடு நின்றிருந்தான். ஜன்னலோரத்தில் தம்பியின் மனைவி. அளவெடுப்பதும் வரைபடம் போடுவதும் அவள் வேலை. இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்குவதால் பட்டறையில் அவளுக்கு 'டேப் அண்ணி' என்று பெயர்.

மூத்தவர் முகத்தில் ஈயாடவில்லை. "இதோ நேர்ல வரோம்" என்று சொல்லி போனை வைத்தார்.

அவள் டேப்பை ஒரு முழம் இழுத்தாள், விட்டாள். சர்ரென்று உள்ளே போனது. மறுபடி இழுத்தாள்.

"அதைக் கொஞ்சம் சும்மா வையேன்" என்றான் கணவன்.

விடுதியின் சாப்பாட்டு அறை புதுச் சுண்ணாம்பு வாசனையோடு இருந்தது. சனிக்கிழமை திறப்பு. மொத்தம் இருபத்துநான்கு நாற்காலிகள் கேட்டிருந்தார்கள். முதல் எட்டு நேற்றுதான் போய்ச் சேர்ந்தன. கருநீலத் துணி போர்த்திய இருக்கை, லேசாக வளைந்த முதுகு, கைவைக்க மெத்தை வைத்த கைப்பிடிகள், கீழே போகப் போகச் சிறுத்துவரும் நான்கு கடைசல் கால்கள். அறுபது வருஷத்துக்கு முன்னால் அவளுடைய மாமனார் செய்த நாற்காலி. இப்போது அதே கம்பெனி அதே மாதிரி மறுபடி செய்து வெளியிடுகிறது. 'ஒரு நூல் அளவும் மாறாமல்' என்று மூத்தவர் துண்டுப் பிரசுரம்கூட அச்சடித்துவிட்டார்.

மேலாளர் ஆறடி உயரம். விளக்கம் எதுவும் சொல்லாமல் ஒரு நாற்காலியை மேஜைக்கு இழுத்து உட்கார்ந்து காட்டினார். மேஜை அவர் நெஞ்சு வரை வந்தது. முழங்கை இரண்டும் கோழிச் சிறகு மாதிரி தூக்கிக்கொண்டன.

"தட்டு கண்ணுக்கு நேரா வருது சார். இப்படி உட்கார வெச்சா எங்க சமையல்காரரோட தப்பை எல்லாம் ஒண்ணு விடாம கண்டுபிடிச்சுடுவாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவள் மண்டியிட்டு அளந்தாள். தரையிலிருந்து இருக்கை, பதினாறு அங்குலம். வரைபடத்தில் இருப்பதும் பதினாறு. மேஜை முப்பது. எல்லா ஊரிலும் இருக்கிற மேஜை உயரம். இரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டு அங்குலம்தான் இருக்க வேண்டும், இங்கே பதினாலு. இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தபோதுதான் அவளுக்குத் திக்கென்றது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் குடுங்க" என்றார் மேலாளர். "இல்லைன்னா ரெடியா விக்கற கடைல வாங்கிக்கறேன். எனக்கு வேற வழியில்லை."

எட்டு நாற்காலிகளையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது வேனில் மூத்தவர் தம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உன் மெத்தைதான் அமுங்குது."

"அமுங்கினா ஒரு இஞ்ச் அமுங்கும்ணா. அதுக்காக மேஜை நெஞ்சுக்கு வருமா?"

"பின்னே? அளவு அப்பாவோட அளவு. அதுல தப்பு வர முடியாது. வரைஞ்சது உன் பொண்டாட்டி. அவ கையில தப்பு வராது. மிச்சம் இருக்கறது நீதான். எட்டையும் பிரி. ஃபோம் ரெண்டு இஞ்ச் சேர்த்துப் போட்டு மூடு."

"அத்தான், சீட்டை மட்டும் ஏத்தினா கைப்பிடி தொடையோட ஒட்டிடும். நாற்காலி அழகே போயிடும்" என்று பின்னாலிருந்து சொன்னாள் அவள்.

"நீ வரைஞ்சது சரிம்மா. நீ ஏன் பயப்படறே?"

பாராட்டு இப்படிக் குத்தும் என்று அவள் நினைத்ததே இல்லை. கல்யாணமாகி வந்த முதல் ஆறு வருஷம் அவளை முன்பக்கக் கவுண்டரில்தான் உட்கார வைத்திருந்தார்கள். வரைகலை படித்தவள் ரசீது கிழித்துக்கொடுத்தாள். இந்த நாற்காலி வேலை வந்தபோதுதான் மூத்தவர் சொன்னார், "இது நல்லா வரட்டும், அந்த வரைபட மேஜை உன்னோடது." இரண்டு மாதமாக அந்த மேஜையில் உட்கார்ந்து எழுந்தவளுக்கு மறுபடி கவுண்டர் என்று நினைத்தாலே மூச்சு முட்டியது. கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

பட்டறைக்கு எதிர்ச் சாரியிலேயே வீடு. மதியம் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். மாமியார் கண் டாக்டரிடம் போயிருந்தார். வீட்டில் யாரும் இல்லை.

சாப்பாட்டு அறையில் மேஜையின் தலைமாட்டில் அந்த அசல் நாற்காலி இருந்தது. மாமனார் செய்ததில் மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். பழைய வரைபடங்களைக் கரையான் தின்றுவிட்டது. இதை வைத்துத்தான் அவள் எல்லாவற்றையும் வரைந்தாள். மூன்று காலை நேரங்கள் நின்றும் குனிந்தும் மண்டியிட்டும் அளந்தாள். கைப்பிடியின் வளைவுக்குக் காகிதத்தில் அச்செடுத்தாள். தையலின் ஓட்டங்களைக்கூட எண்ணினாள். ஆனால் ஒருமுறையும் அதில் உட்காரவில்லை.

அது மாமியாரின் நாற்காலி. உட்காரக்கூடாது என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை. விருந்தாளி வந்தால் அவரை வேறு நாற்காலிக்கு அழைத்துப் போவார்கள். கணவன் சின்ன வயசில் ஒருநாள் ஏறி உட்கார்ந்ததாகவும், அம்மா அதட்டக்கூட இல்லை, வெறுமனே பார்த்ததாகவும், தானே இறங்கி ஓடிவிட்டதாகவும் சொல்லியிருக்கிறான். மருமகளாக வந்தவள் அந்த நாற்காலியைத் துடைப்பாள், நகர்த்துவாள். உட்கார வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

இப்போது உட்கார்ந்தாள்.

சுகமாக இருந்தது. மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டாள். கை சரியாக மேஜைமேல் படிந்தது. தட்டு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கும். அவளுக்குக் குழப்பம் கூடிப்போனது. இதே நாற்காலி, இதே பதினாறு அங்குலம். அங்கே கோழிச் சிறகு, இங்கே இப்படி. எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பிறகு டேப்பை மேஜை ஓரத்திலிருந்து கீழே தொங்கவிட்டாள்.

இருபத்தெட்டு.

ஏதோ பிசகு என்று மறுபக்கம் போய் அளந்தாள். இருபத்தெட்டேதான்.

அப்போதுதான் அவளுக்கு அண்ணன் தம்பி இருவரும் சாப்பிடுகிற விதம் கண்முன் வந்தது. இந்த வீட்டு ஆண்கள் மேஜைக்கு நேராக உட்கார மாட்டார்கள். பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டுதான் சாப்பிடுவார்கள். வந்த புதிதில், இது இந்தக் குடும்பத்து மரியாதை போலிருக்கிறது என்று நினைத்தாள். மரியாதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. முழங்கால் மேஜையில் இடிக்கிறது, அவ்வளவுதான்.

நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கால் நுனிகளில் ஒட்டியிருந்த கம்பளித் துண்டு ஒன்றை நகத்தால் நெம்பினாள். கீழே ரம்பம் ஓடிய வரிகள் தெளிவாகத் தெரிந்தன. ஓரத்தில் பென்சில் கோடு ஒன்று பாதி மிச்சமிருந்தது.

அறுத்திருக்கிறார்கள்.

பட்டறையில் கால்களைக் கடைந்து தருகிற கடைசல்காரர், மாதிரி செய்த அன்றைக்கே சொன்னார். "டேப் அண்ணி, கால் மெலிஞ்சுகிட்டே வந்து நுனிக்குப் போறதுக்குள்ள நின்னுடுச்சே. பாதிப் பேச்சுல எழுந்து போன மாதிரி இருக்கு." அவள்தான் "அளவுல இருக்கறதைச் செய்யுங்கண்ணே" என்று வாயை அடைத்தாள். பதினாறு கொஞ்சம் குறைவாயிற்றே என்று மூத்தவரிடம் கேட்கவும் கேட்டாள். "அந்தக் காலத்து மோஸ்தர் அது, கை வைக்காதே" என்றார். மாதிரி நாற்காலி ஒன்றைச் செய்ததும் அதைச் சோதித்துப் பார்த்தது யார்? இதே வீட்டில், இதே மேஜையில், மாமியார். ஏறி உட்கார்ந்து, கைப்பிடியைத் தடவி, "அப்படியே இருக்கு" என்றார். பட்டறையிலும் எல்லாரும் உட்கார்ந்து பார்த்துச் சொகுசு என்றார்கள். இரண்டு அங்குலம் தாழ்ந்த நாற்காலி, முன்னால் மேஜை இல்லாதவரை சொகுசாகத்தான் இருக்கும்.

"என் நாற்காலி என்ன பாவம் பண்ணிச்சு, தலைகீழா நிக்குது?"

வாசலில் மாமியார். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருந்ததால் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நாலடி பத்து அங்குல உருவம். ஆனால் அந்தக் குரலுக்கு அந்த வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகளும் எழுந்து நிற்பார்கள்.

அவள் நாற்காலியை நிமிர்த்தப் போனாள், பாதியில் விட்டாள்.

"அத்தை, இதோட காலை யாரோ அறுத்திருக்காங்க."

மாமியார் கண்ணாடியைக் கழற்றவில்லை. பையை மேஜைமேல் வைத்தார். "அதை நேரா வை முதல்ல" என்றார். வைத்ததும் போய் உட்கார்ந்துகொண்டார். பாதம் இரண்டும் தரையில் ஒட்டினாற்போலப் படிந்தன.

"மேஜையையும் அறுத்திருக்காங்க" என்றாள் அவள்.

"யாரோ எல்லாம் இல்லை. உங்க மாமாதான்."

"எதுக்கு?"

"எதுக்கா? என்னைப் பார்த்தா தெரியலையா?" மாமியார் பையை ஒதுக்கி வைத்தார். "நான் கல்யாணமாகி வந்தப்ப இது உசரமா இருந்துச்சு. உட்கார்ந்தா கால் தொங்கும். நானும் வெளிக்காட்டிக்காம விரலை நீட்டி நீட்டித் தரையைத் தொட்டுக்கிட்டு இருந்தேன். ஒருநாள் அவரோட அக்கா சாப்பிட வந்தாங்க. 'என்னடா, பொம்மையைக் கொண்டாந்து உட்கார வெச்சிருக்கே'ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவர் மட்டும் சிரிக்கலை. மறுநாள் காலையில ரம்பத்தோட வந்து நின்னார்."

"மேஜை?"

"நாற்காலியை அறுத்தா மேஜை கழுத்துக்கு வருமே! அதை யோசிக்கலை மனுஷன். உட்கார வெச்சுப் பார்த்துட்டு மேஜையையும் அறுத்தார். அடுத்து வீட்டுக் கதவையும் அறுத்துடுவாரோன்னு எனக்குப் பயமாப் போச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

"அப்ப மாதிரியைப் பார்த்துட்டு ஏன் அத்தை அப்படியே இருக்குன்னீங்க?"

"அப்படியேதானே இருந்துச்சு? நான் பொய்யா சொன்னேன்?" என்றார் மாமியார், கோபமாக. பிறகு குரல் இறங்கியது. "நிஜத்தைச் சொல்லட்டுமா? எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. ஊர்ல என் அளவுக்கு நாற்காலி வரப்போகுதேன்னு. கூடவே, சொன்னா இது வெளிய வந்துடுமேன்னு பயம்."

"இதுல என்ன அத்தை பயம்?"

"பெரியவனை உனக்குத் தெரியாதா? அவங்க அப்பா செஞ்ச பொருள் மேல தூசி விழக்கூட விடமாட்டார்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான். அந்த மனுஷன் என் குட்டைக் காலுக்காக ரம்பத்தை எடுத்தார்னு பசங்க முன்னால சொல்ல எனக்குக் கூச்சமா இருக்கு. அது எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்தது. அவரும் யார்கிட்டயும் சொல்லலை. நீயும் சொல்லாதே."

அவள் ஜன்னல் வழியே எதிர்ச் சாரியைப் பார்த்தாள். அங்கே பட்டறையில் கணவன் முதல் நாற்காலியின் துணியைப் பிரிக்க ஆரம்பித்திருப்பான்.

அன்று பொழுது எப்படிப் போனது என்று அவளுக்கே தெரியாது. வரைபட மேஜைக்குப் போனாள், பென்சிலைச் சீவினாள், எழுந்தாள். தண்ணீர் குடிக்கப் போய், குடிக்காமல் திரும்பினாள். கணவன் இரண்டு முறை "என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்டான். இரண்டு முறையும் "ஒண்ணுமில்லை" என்றாள்.

புதன்கிழமை காலை பட்டறைக்குள் நுழைந்தபோது அவன் தரையில் சம்மணமிட்டு நான்காவது இருக்கையைப் பிரித்துக்கொண்டிருந்தான். தானே அடித்த பின்களைத் தானே ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தான். பக்கத்தில் ஒரு தகர டப்பா நிறையப் பிடுங்கிய பின்கள். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது, துணியில் ரத்தம்.

"ஃபோம் சேர்த்தாலும் சரியா வராதுங்க" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா பிரிக்கறீங்க?"

"அண்ணன்கிட்ட யாராவது ஒருத்தர் திட்டு வாங்கணும். நீ இப்பதான் அந்த மேஜைக்கு வந்திருக்கே. நான் வாங்கிக்கறேன், எனக்குப் பழக்கம்" என்றான் அவன், நிமிராமலே.

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. கடைசல்காரரிடம் போனாள். "அண்ணே, பிரிக்காத நாற்காலி ஒண்ணை எடுத்து நாலு காலுக்கும் கீழே ரெண்டு இஞ்ச் கட்டை வையுங்க" என்றாள். அவர் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார்.

"இப்பதான் இது நாற்காலி மாதிரி நிக்குது" என்றார்.

அவள் நேராக அலுவலக அறைக்குள் போனாள்.

"அத்தான், தப்பு மெத்தையில இல்லை. அளவுல. நான்தான் தப்பா எடுத்துட்டேன். பதினெட்டு வரணும். பதினாறுன்னு போட்டுட்டேன்."

மூத்தவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "நீயா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "உன்னை நம்பித்தானேம்மா பிரசுரம் அடிச்சேன்? நேத்து வேன்ல அவனைப் பேசினேனே, அப்ப ஏன் வாயைத் திறக்கலை?"

"அப்ப எனக்கே தெரியலை."

"சரி. இந்த வேலை முடியற வரைக்கும் வரைபடத்துக்கு வெளியில ஒரு ஆளைப் பார்த்துக்கறேன். நீ கவுண்டரைப் பாரு."

அவள் தலையாட்டினாள். நேற்றிலிருந்து இருந்த தவிப்பு கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது.

கதவோரம் கணவன். கையில் குறடு. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"இவளா தப்பா அளந்தா?" என்றான் அண்ணனிடம். "எங்க கல்யாணத்துக்கு முன்னால பொண்ணு பார்க்கப் போனப்பவே கண்ணாலேயே என் சட்டை அளவைச் சொன்னவ இவ. ரெண்டு இஞ்ச் தப்பா எடுப்பாளா? பொய் சொல்றாண்ணா."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அவள்.

"எதுக்குப் பொய் சொல்றே? எனக்காகவா? நான் கேட்டேனா உன்னை?"

"உங்களுக்காக ஒண்ணும் இல்லை."

"பின்னே யாருக்காக?"

மூத்தவர் எழுந்தார். இழுப்பறையிலிருந்து தன்னுடைய டேப்பை எடுத்தார். "நீங்க ரெண்டு பேரும் அப்புறமா சண்டை போட்டுக்கங்க. அம்மா நாற்காலி வீட்டுலதானே இருக்கு? போய் அளந்தா தெரிஞ்சுடப் போகுது."

அளந்தால் பதினாறு வரும். அளவு சரி என்று ஆகிவிடும். அவள் பொய் அம்பலமாகும், பழி மறுபடி மெத்தைமேல் போய் உட்காரும். இல்லாவிட்டால் மாமியாரின் விஷயம் சபைக்கு வரும். "அத்தான், நான் போய் அளந்துட்டு வரேன்" என்று பின்னாலேயே ஓடினாள். அவர் காதில் வாங்கவில்லை. சாலையைக் கடந்து விறுவிறுவென்று போனார். கணவனும் குறடோடு பின்னால் வந்தான்.

மாமியார் தன் நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம் எழுந்திரு. அளக்கணும்."

"எதை?"

"இந்த நாற்காலியை. உன் மருமகள் அளவைத் தப்பா எடுத்துட்டேன்னு சொல்றா. இவன் இல்லைங்கறான். எனக்கு மண்டை காயுது."

மாமியாரின் கை பட்டாணித் தோலில் நின்றது. மருமகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளே சொன்னாளா, தப்பு தன்னோடதுன்னு?"

"ஆமா. வரைபட வேலையும் வேண்டாம்னு எடுத்துட்டேன்."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"என்ன சொல்லுவா? தலையாட்டினா."

மாமியார் மடியிலிருந்த தோலையெல்லாம் நிதானமாகக் கூடையில் தட்டினார். எழுந்தார். மூத்தவர் டேப்போடு குனிந்தார்.

"அதை அளந்து ஒண்ணும் ஆகப்போறதில்லை. செருப்பை எடு. பட்டறைக்குப் போலாம்" என்றார் மாமியார்.

"பட்டறைக்கா? இப்பவா? நீயா?"

"ஏன், நான் வரக்கூடாதா? என் புருஷன் கட்டின பட்டறைதானே?"

சாலையில் அவர் முன்னால் நடந்தார், இரண்டு மகன்களும் பின்னால், கடைசியில் மருமகள். "வேண்டாம் அத்தை" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "நீ பேசாம வா. மனசுல இருக்கறதை எல்லாம் வெச்சுக்கிட்டு ராத்திரி பூரா தூங்காம நடந்தே, எனக்குக் கேட்டுச்சு" என்றார் மாமியார், திரும்பாமலே.

முதலாளியம்மா வருகிறார் என்றதும் பட்டறையில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பத்துப் பன்னிரண்டு பேர் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். நடுவில், கட்டைகள்மேல், கருநீல நாற்காலி உயர்ந்து நின்றது.

"யார் இதைத் தூக்கி வெச்சது?"

"டேப் அண்ணிதாங்க வைக்கச் சொன்னாங்க" என்றார் கடைசல்காரர்.

மாமியார் அருகில் போனார். கைப்பிடியைப் பிடித்தார். ஒரு எம்பு எம்பி ஏறி, முதுகு சாய உட்கார்ந்தார்.

கால்கள் தொங்கின. செருப்பு ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. பட்டறையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் முகம் சிவந்து போயிருந்தது, ஆனால் தலை குனியவில்லை.

"பார்த்துக்கங்க எல்லாரும். இதுதான் உங்க பெரிய முதலாளி செஞ்ச நாற்காலி. வீட்டுல இருக்கறது அவர் அறுத்த நாற்காலி. இந்தக் காலு தரையில படணும்னு அறுத்தார். மேஜையையும் அதுக்காகவே அறுத்தார். என் மருமகள் அளந்தது ஒரு நூல்கூடத் தப்பில்லை. நான் வாயைத் திறக்காததுதான் தப்பு."

மூத்தவர் வாய் திறந்தபடி நின்றார்.

"அப்பாவா? தன் கையால செஞ்சதையா அறுத்தார்?"

"ஏன், நான் அதைவிடக் கம்மியா?"

"அதில்லைம்மா..." அவர் நாற்காலியின் காலைத் தொட்டுப் பார்த்தார். "இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"நீங்க ரெண்டு பேரும் இத்தனை வருஷமா பக்கவாட்டுல உட்கார்ந்து சாப்பிடறீங்களே, ஏன்னு ஒருநாளாவது கேட்டீங்களா?"

தம்பி சட்டென்று சிரித்துவிட்டான். குறடு கையிலிருந்து விழுந்தது. "நான் என் முழங்கால்தான் நீளம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றான். அதோடு பட்டறையே சிரித்தது. மாமியாரும் சிரித்தார். நாத்தனார் முன்னால் சிரித்த அன்றைய சிரிப்பு இல்லை இது.

மருமகள் சிரிக்கவில்லை. அவள் கவனம் அந்தத் தொங்கும் குதிகாலில் இருந்தது. "அத்தை, எவ்வளவு அறுத்தார்னு ஞாபகம் இருக்கா? நான் ரெண்டு இஞ்ச்னு குத்துமதிப்பாத்தான் வெச்சிருக்கேன். வெட்டின துண்டு ஏதாவது?"

"அதெல்லாம் அன்னைக்கே அடுப்புக்குப் போச்சு." மாமியார் யோசித்தார். "டேப்பெல்லாம் வெச்சு அளக்கலை அவர். என்னை உட்கார வெச்சு, குதிகாலுக்கும் தரைக்கும் நடுவுல விரலை விட்டுப் பார்த்தார். மூணு விரல். அந்த அளவுக்கு அறுத்தார்."

"மாமா விரலா?"

"பின்னே என் விரலா? டேய் பெரியவனே, இங்க வா. உனக்கு மூஞ்சி என்னை மாதிரி. கை மட்டும் அவர் கை. குனி."

கம்பெனியின் முதலாளி, தொழிலாளிகள் அத்தனை பேர் முன்னாலும், மரத்தூள் கிடந்த தரையில் மண்டியிட்டார். அம்மாவின் இன்னொரு செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தார். குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் மூன்று விரலைச் சேர்த்து நீட்டினார். இரண்டு விரல் சுலபமாகப் போனது. மூன்றாவது இடித்தது.

"இடிக்கக் கூடாது. அவருக்குத் தாராளமாப் போச்சு" என்றார் மாமியார்.

"அண்ணே, கட்டைக்கு மேல கால் இஞ்ச் பலகை" என்றாள் மருமகள். தம்பி அம்மாவோடு நாற்காலியை ஒரு பக்கம் தூக்க, கடைசல்காரர் பலகைத் துண்டுகளைச் செருகினார். மறுபக்கமும் அப்படியே. மூத்தவர் மறுபடி விரலை நீட்டினார். மூன்றும் போயின. குதிகால் விரல்மேல் லேசாகப் பட்டும் படாமலும் நின்றது.

"இதுதான்" என்றார் மாமியார்.

மூத்தவர் விரலை எடுக்கவில்லை. அவர் கண்கள் கலங்கியிருந்ததை மேலிருந்து பார்த்த அம்மா மட்டும்தான் பார்த்திருப்பார். மருமகள் அருகில் உட்கார்ந்து அவர் விரல்களுக்குப் பக்கத்தில் டேப்பை நிறுத்தினாள்.

"ரெண்டே கால்" என்றாள். "பதினெட்டே கால் அங்குலம் அத்தான்."

"எட்டுக்கும் காலைத் திருகி எடுத்துட்டுப் புதுக் கால் போடலாம்" என்றார் கடைசல்காரர். "மீதிப் பதினாறையும் சேர்த்து மொத்தம் தொண்ணூத்தாறு கால். ரெண்டு கடைசலும் ஓடினா நாளன்னிக்கு மதியத்துக்குள்ள முடிச்சுடலாம் முதலாளி. வரைபடம் இப்பவே வந்தா."

எல்லாரும் மூத்தவரைப் பார்த்தார்கள். அவர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். மருமகள் பக்கம் திரும்பினார்.

"நீ என்கிட்ட பொய் சொன்னே" என்றார்.

"ஆமா அத்தான்."

"மத்ததுல எப்படியோ போ. அளவுல பொய் சொல்லாதே. அந்த மேஜைல உட்காரணும்னா அது ஒண்ணுதான்."

"சரி அத்தான்."

"எப்ப குடுப்பே?"

"ஒரு மணி நேரம்."

"முக்கால் மணியில குடு. கீழே உன் கையெழுத்தைப் போட்டுக் குடு." பிறகு தம்பியைப் பார்த்தார். அவன் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு, "அதுக்கு மருந்து போட்டியா?" என்றார்.

"போட்டுக்கறேண்ணா. பிரிச்ச நாலையும் முதல்ல மூடணும்."

அவள் ஏற்கெனவே கிளம்பிவிட்டாள். வரைபட அறைக் கதவை எட்டும்போது மனசுக்குள் கோடு ஓட ஆரம்பித்திருந்தது. மெலிந்துகொண்டே வந்து பாதியில் நின்ற அந்தக் காலை அதே சரிவில் இன்னும் இரண்டே கால் அங்குலம் இறக்கினால் நுனி எவ்வளவு மெல்லிசாகும்? கணவன் பின்னாலேயே வந்து கதவைத் திறந்துவிட்டான்.

"இனிமே எனக்காகப் பொய் சொல்லாதே" என்றான்.

"உங்களுக்காக இல்லைன்னு அப்பவே சொன்னேனே?"

"கொஞ்சம்கூடவா இல்லை?"

"முதல்ல போய் மருந்து போடுங்க" என்றாள் அவள். பென்சில் எங்கே என்று தேடினாள்.

பட்டறையில் கடைசல் மறுபடி ஓடத் தொடங்கியது. அந்த இரைச்சலுக்கு மேலே மாமியாரின் குரல் கேட்டது.

"டேய், கட்டை ஆடுது! யாராவது என்னை இறக்கி விடறீங்களா, இல்லை நானே குதிக்கட்டுமா?"